கணவீரமும் பொன்னரளியும்

குறமகள் முருகவேளை வழிபடும் களத்தில் கணவீர மாலை தொங்கவிடப்படுதலைத் திருமுருகாற்றுப்படை கூறும். கணவீரமாவது செவ்வலரி. இன்று வேலியோரங்களில் மஞ்சட்பூப் பூக்கும் பொன்னரளியும் பெயரொற்றுமையால் பழந்தமிழ் மரமெனவே கருதப்படுகின்றது. ஆயின் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 1492-க்கு முன் அஃது ஈண்டு வந்திருத்தல் இயலாது. ஆதலின், பழைய நூல்களில் வரும் அலரியைப் பொன்னரளியெனக் கோடல் பொருந்தாது.

எனினும், இவ்விரண்டும் ஒரே குடும்பத்தன, நஞ்சாலும் ஒன்றுபடுவன. இரண்டிலும் உள்ள கிளைக்கோசைடுகள் இதயத் தசையணுக்களின் சோடியத்தை வெளியேற்றும் செயலைத் தடுக்கும். அதனால் அணுவுள் கால்சியம் பெருகித் துடிப்பு வலுப்பெறும். அளவு மிகின் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிர் நீங்கும். இவ்வினமான பொருளுடைய டிஜிட்டாலிசு இலையை நீர்க்கோவை நோய்க்கு மருந்தாக்கிய முறையை வில்லியம் விதரிங் 1785-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். மிகையளவின் தீங்கையும் அதில் எச்சரித்தார்.

டிஜிட்டாலிசு நஞ்சை முறிக்க ஆக்கப்பட்ட எதிர்ப்பொருள் பொன்னரளி நஞ்சையும் முறித்தலை, இலங்கையில் நிகழ்ந்து 2000-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. பெயரொற்றுமை ஆராய்ச்சியாளரை மயக்கிற்று. நஞ்சின் ஒற்றுமையோ உயிர் காக்க வழிகாட்டிற்று.