குழாயடியிலிருந்து எழுதப்படாத வரலாறு: பெங்களூரின் கலங்கல் நீர்

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் பெங்களூர்த் தெரு ஒன்றில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது காற்று. சற்று நேரம் சீறிவிட்டு, செம்பழுப்பு நிறத்தில் நீர் இறங்கும். சில நாள்களில் அதில் கறுப்புத் துகள்கள் மிதக்கும். சில நாள்களில் அழுகிய முட்டையின் வாடை வரும். இன்னும் சில நாள்களில் அது சாக்கடை வாடை என்பதில் எவருக்கும் ஐயமிராது. முதல் இரண்டு குடம் வாசலில் கொட்டப்படும். மூன்றாவது குடம் முகர்ந்து பார்க்கப்படும். யாரேனும் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே செய்தியாகும் அளவுக்கு இது அன்றாட நிகழ்வாகிவிட்டது.

பெங்களூரின் நீர் வரலாறு எழுதப்படாத ஒன்றல்ல. கெம்பெ கௌடரின் ஏரிகள், திவான் சேஷாத்திரி ஐயர் காலத்து ஹெசரகட்டா, விஸ்வேஸ்வரய்யாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் திப்பகொண்டனஹள்ளி, பிறகு காவிரியின் ஐந்து கட்டங்கள் என அந்த வரலாறு ஒழுங்காகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆனால் அது எப்போதும் நீர் எடுக்கும் இடத்தில் தொடங்கி, நகரத்து நீர்த்தேக்கத் தொட்டியில் முடிந்துவிடும். தொட்டிக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட கடைசி ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. கலங்கலும் நாற்றமும் பெரும்பாலும் பிறப்பது அங்கேதான்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின் முகட்டில் அமர்ந்த நகரம் இது. அருகில் வற்றாத ஆறு இல்லை. 1537ஆம் ஆண்டை ஒட்டி உருவானதாகக் கருதப்படும் பேட்டை, மழைநீரைச் சரிவுகளில் தேக்கிய ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்தது. ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதற்கான கால்வாய்களைக் கன்னடத்தில் ராஜகாலுவெ என்பர். பேட்டைக்குக் குடிநீர் தந்த தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரக விழாச் சடங்குக்கென அதில் ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தச் சடங்கின் உரிமையாளர்களான திகளர், தமிழ் நிலத்திலிருந்து வந்தவர்களாகத் தம் மரபைச் சொல்லிக்கொள்ளும் தோட்டப் பயிர்க்குடியினர். ஏரிநீரை நம்பிப் பூவும் காய்கறியும் விளைத்தவர்கள். ஏரி போனபின் விளையாட்டரங்கின் ஓரத்தில் அக்குளம் நின்றதற்கு அவர்களின் பிடிவாதமும் ஒரு காரணம் எனலாம்.

ஏரிகளின் நீர் எப்போது கெட்டது என்ற கேள்விக்கு ஒரே ஆண்டைக் குறிக்க இயலாது. 1809இல் கண்டோன்மெண்ட் அமைந்தபின், பேட்டை, தண்டு என இரு நகரங்கள் ஒரே நீர்ப்பிடிப்பு நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. மேற்புறத்தில் புதிய ஏரி கட்டினால் கீழ்ப்புறத்து ஏரிக்கு வரத்துக் குறையும். மேற்புறத்தில் குடியேற்றம் பெருகினால் கீழ்ப்புறத்துக்குக் கழிவு வரும். 1876–78 பெரும்பஞ்சம் இந்த ஏற்பாட்டின் வலுவின்மையை வெளிப்படுத்தியது. 1882இல் சாங்கி ஏரி கட்டப்பட்டதும் இந்த நெருக்கடிக் காலத்தில்தான்.

அக்காலத்தில் நாற்றம் குறித்த எண்ணமே மாறிக்கொண்டிருந்ததை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாற்றமே நோய் என மருத்துவ உலகம் நம்பியது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ, காலராவைப் பரப்புவது காற்றல்ல, ஒரு தெருப் பம்பின் தண்ணீர் என்று காட்டியபோது ஏற்றவர் சிலரே. 1884இன் தொடக்கத்தில் ராபர்ட் கோக், கல்கத்தாவின் குளம் ஒன்றின் நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அதன்பின் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மூக்கிடமிருந்து ஆய்வகத்துக்குப் படிப்படியாகக் கைமாறியது. மூக்கின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைந்த கதையும் அங்கே தொடங்குகிறது.

இந்தச் சூழலில்தான் ஹெசரகட்டா வருகிறது. 1894இல் தொடங்கிய சாமராஜேந்திர நீர்த்திட்டம் அர்க்காவதியின் நீரைச் செங்கல் வாய்க்கால் வழியாகக் கொணர்ந்து, சோலதேவனஹள்ளியில் நீராவி எந்திரங்களால் ஏற்றி, 1896 முதல் நகருக்கு வழங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1898இல், பிளேக் வந்தது. மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய புதிய குடியிருப்புகள் வேகமாக வளர்ந்தன. பின்னாளில் மல்லேஸ்வரத்தில் அமைந்த ‘ஜுவெல் ஃபில்டர்’ நிலையத்தை, மாணிக்கத்தோடு தொடர்புடையதோ என்று எண்ணுவோர் உண்டு. அது ஜுவெல் என்ற வடிகட்டி வகையின் பெயர்.

இங்கே ஒரு கால இடைவெளி கவனத்துக்குரியது. குழாய் நீர் நகருக்குள் வந்தது 1896இல். நிலத்தடிச் சாக்கடை நகரின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டதோ 1920களில். ஏறத்தாழ கால் நூற்றாண்டு நல்ல நீர் குழாயில் உள்ளே வந்தது. பயன்படுத்திய நீர் திறந்த வடிகாலில் இறங்கி ஏரிகளில் கலந்தது. வரவு முதலில், கழிவு பிறகு என்ற இந்த வரிசை, நகரம் விரிந்த ஒவ்வொரு முறையும் திரும்ப நிகழ்ந்தது. 2007இல் மாநகராட்சியோடு இணைந்த 110 கிராமங்கள் வரை இதைக் காணலாம். சாக்கடைக் குழாய் வந்தபோதும் அது புவியீர்ப்பை நம்பிப் பள்ளத்தைத் தேடிச் சென்றது. பள்ளத்தில் இருந்தவை ராஜகாலுவெகள். ஏரிகளை இணைத்த கால்வாய்களின் ஓரமாகவே கழிவுநீர்ப் பெருங்குழாய்கள் பதிக்கப்பட்டன. பிறகு கால்வாயும் குழாயும் ஒன்றில் ஒன்று வழியத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஹெசரகட்டா 1920களிலேயே வறண்டது. அர்க்காவதியும் குமுதவதியும் கூடுமிடத்தில் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. பல பத்தாண்டுகள் நகரின் மேற்குப் பகுதிக்கு நீர் தந்த அதன் முடிவு சிறப்பாக ஆராயத்தக்கது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின, ஊற்றுகள் குறைந்தன, வந்த கொஞ்ச நீரும் கழிவாக வந்தது. 2003இல் அரசு பாதுகாப்பு அறிவிக்கை வெளியிட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அங்கிருந்து குடிநீர் எடுப்பதே நின்றது. நகரம் தன் ஊற்றைத் தானே கெடுத்துக்கொண்டு, அடுத்த ஊற்றைத் தேடி மேலும் தொலைவு போனது.

அந்தத் தொலைவுதான் காவிரி. 1964இல் பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தனிச் சட்டத்தால் அமைந்தது. முதற்கட்டம் 1974இல் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர் கொணர்ந்தது. 1982, 1993, 2002, 2012 எனக் கட்டங்கள் தொடர்ந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தின் அளவு 77.5 கோடி லிட்டர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவும் ஐந்நூறு மீட்டர் உயரமும் மூன்று படிகளில் கடந்து அந்நீர் நகருக்கு வருகிறது. தொரெகாடனஹள்ளியில் படிகாரமிட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. அங்கிருந்து புறப்படும் நீரில் நாற்றம் இருப்பதில்லை.

நாற்றம் சேர்வது எப்படி? முதற்காரணம், நீர் விட்டுவிட்டு வருவது. வால்வு மூடியதும் தெருக்குழாய் வடிந்து வெறுமையாகிறது. அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே நீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் அதே விரிசல் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். குறுகிய சந்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் பக்கத்துப் பக்கமாகக் கிடக்கும்போது அந்த ஈரம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆள்துளைகள் நிரம்பி வழிகையில் புகார்கள் கூடுவது இதனால். தெருக்குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இந்த உள்ளிழுப்பை இன்னும் வலுவாக்குகின்றன. ஒரு வீட்டின் வேகம் அடுத்த நான்கு வீடுகளின் நாற்றமாகிறது.

செம்பழுப்பு நிறத்துக்குக் காரணம் வேறு. பழைய வார்ப்பிரும்புக் குழாயின் உட்சுவரில் துரு அடையாகப் படிந்திருக்கும். குழாய் காய்ந்து மீண்டும் நனையும்போதும், நீர் திடீரென வேகமெடுக்கும்போதும் அது பெயர்ந்து வரும். வீட்டுக்குள் இருக்கும் துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயும் முதுமையில் இதையே செய்யும். முதல் குடம் மட்டும் சிவந்து, பிறகு தெளிந்தால் பெரும்பாலும் இதுவே. அழுகிய முட்டை வாடைக்கு ஹைட்ரஜன் சல்பைடு காரணம்: காற்றுப் புகாத தேக்கத்தில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சிதைக்கையில் எழுவது, இரும்போடு கூடினால் கறுப்புத் துகளாகும். ஆழ்துளைக் கிணற்றிலும், நெடுநாள் கழுவாத சம்ப்பிலும் இது நேரும். மண்வாசனை எனில் ஏரியிலோ தேக்கத்திலோ வளர்ந்த நீலப்பச்சைப் பாசியை ஐயுறலாம். பெங்களூர் வீடுகளில் வாரியத்து நீரும் ஆழ்துளை நீரும் டேங்கர் நீரும் ஒரே சம்ப்பில் கூடுவதால், குற்றவாளி எது என்று பிரித்தறிவது கடினம். வாரியம் வீட்டுச் சம்ப்பைக் காட்டும். வீட்டார் தெருக்குழாயைக் காட்டுவர். இரண்டும் உண்மையாக இருப்பதும் உண்டு.

ஆக, மூக்கு சொல்வதை எவ்வளவு நம்பலாம்? 1955 டிசம்பரில் டெல்லியில் வெடித்த மஞ்சட்காமாலைக் கொள்ளைநோய் இதற்கு ஓர் எச்சரிக்கை. நஜஃப்கர் வடிகாலின் கழிவு யமுனையில் பின்னோக்கி ஏறி வஜீராபாத் நீரெடுப்பு நிலையத்தை அடைந்தது. குளோரின் கூட்டப்பட்டது, பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை, ஆனால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது பின்னாளில் ஹெபடைடிஸ் ஈ என அறியப்பட்டது. தெளிந்த நீர் கொல்லக்கூடும். துருவேறிய செந்நீர் பெரிய தீங்கு செய்யாமலும் போகலாம். எனினும், சாக்கடை வாடை வரும்போது மூக்கு பிழை செய்வது அரிது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை சிறிதும் இருக்கலாகாது என்கிறது; மணத்துக்கோ எண் ஏதும் வைக்காமல், ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. யாருக்கு ஏற்கத்தக்கது என்று அது கேட்பதில்லை. புகார் வந்த தெருவில் ஊழியர் முதலில் பார்ப்பது எஞ்சிய குளோரினை. சொட்டு மருந்திட்டு மஞ்சள் நிறம் வராவிட்டால், வழியில் எதுவோ அந்தக் குளோரினைத் தின்றிருக்கிறது என்று பொருள். பிறகு எங்கே என்று தேடித் தெருவைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டுவர். அதற்கு நாள்களாகும், சில வேளை வாரங்களாகும்.

இந்த நீருக்காக மாநிலங்கள் வழக்காடியதையும் தமிழ் வாசகர் மறக்க இயலாது. 2007இல் காவிரி நடுவர் மன்றம், நகரின் மூன்றில் ஒரு பகுதியே ஆற்றுப்படுகைக்குள் வருகிறது என்று கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. உட்படக் கருநாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டித் தந்தது, தமிழ்நாட்டின் பங்கு 177.25 ஆயிற்று. தீர்ப்பில் தசம இலக்கம் வரை அளக்கப்பட்ட நீர், தெருவுக்கு வந்தபின் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு கெடுகிறது என்பதை அதே நுணுக்கத்தோடு எவரும் அளக்கவில்லை. பயன்படுத்திய நீரோ விருஷபாவதி வழியே அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் திரும்புகிறது. கிழக்குச் சரிவின் கழிவு பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரையாக எழுகிறது.

கடைசிக் கிலோமீட்டரின் வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்கு, நீர்த்தேக்கத் திறப்புவிழாக் கல்வெட்டுகள் உதவா. புகார்ப் பதிவேடுகள், சாலை வெட்டும் அனுமதிச் சீட்டுகள், ஆய்வகத்து முடிவுத் தாள்கள், பழைய குழாய் வரைபடங்கள் ஆகியவையே மூலங்கள். அவற்றுள் பல எடைக்குப் போயிருக்கும். எஞ்சியது மனிதர் நினைவு. ஏரி மதகைத் திறந்து மூடியவரைக் கன்னட நாட்டில் நீருகண்டி என்றழைத்தனர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய இடத்தில் இன்று வால்வு திருப்பும் ஊழியர் இருக்கிறார். எந்தச் சந்தில் எந்தக் காலத்துக் குழாய் கிடக்கிறது, எது எத்தனை மணி நேரம் வெறுமையாக இருக்கும், எந்த மூலையில் சாக்கடை அதன்மேல் குறுக்கே போகிறது என்பதெல்லாம் அவர் அறிவார். பெரும்பாலும் எங்கும் எழுதி வைக்கப்படாத அந்த அறிவு, அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.