கொள்ளம்பூதூர் ஓடத்துறை

காவிரி நாடு ஆறுகளால் வளம் பெற்றது. அவ்வாறுகளாலேயே ஊரும் ஊரும் பிரிந்தும் கிடந்தது. பாலங்கள் அமையாத காலத்துப் பிரிந்த கரைகளை ஒன்றுசேர்த்தவை ஓடத்துறைகளே. உப்பை விற்று அதன் மாறாக நெல்லேற்றி மீண்ட பஃறிகளைப் பட்டினப்பாலை கூறும். வைகைப் பெருந்துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் உடைய அம்பிகள் இயங்கினமையைச் சிலப்பதிகாரம் கூறும். திருவாரூரைச் சார்ந்து ஓடும் ஆறு ஓடம்போக்கி என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்றல் காண்க.

இத்தகைய துறைகளுள் சைவவுலகம் மறத்தற்கரியது, இக்காலத்துத் திருவாரூர் மாவட்டத்தின்கண் உள்ள திருக்கொள்ளம்பூதூர்த் துறையாம். ஆளுடைய பிள்ளையார் அடியார் குழாத்தோடு அங்கு எழுந்தருளியபோது முள்ளியாறு பெருக்கெடுத்தது. ஓடஞ் செலுத்துவோர் தொழிலொழிந்து அகன்றனர். பிள்ளையார் ஓடமொன்றைக் கட்டவிழ்ப்பித்து, அடியாரை அதன்கண் ஏற்றித் தாமும் நின்று, தமது திருநாவே கோலாகத் திருப்பதிகம் அருளிச்செய்ய, ஓடம் அக்கரை சேர்ந்தது. இது சேக்கிழார் சுவாமிகள் அருளிய வரலாறு.

சேக்கிழார் காலம் 12-ஆம் நூற்றாண்டு. பிள்ளையார் காலம் 7-ஆம் நூற்றாண்டு. ஐந்நூறு ஆண்டுகட்குப் பின் எழுந்த நூலொன்றையே கொண்டு இதனைத் துணிதல் யாங்ஙனம் எனின், கூறுதும். மூன்றாந் திருமுறையிலுள்ள அத்திருப்பதிகமே அகச்சான்றாக நிற்கின்றது. ஓடம் வந்து அணையும் ஊர் என்றே பிள்ளையார் அத்தலத்தை ஒரு பாசுரத்தில் சிறப்பிக்கின்றார். ஆகலின், அந்நாளில் அங்கு நிலையான துறையொன்று இருந்தமை தெளிவு. ஓடஞ் செல்ல உந்துக என்னும் வேண்டுகோள் திருக்கடைக்காப்பு ஒழிந்த பாசுரந்தோறும் வருதலின், ஓடத்தின்மேல் நின்று பாடியதென்பது பின்னோர் புனைந்ததன்று.

இனி, நாவே கோலாயிற்று என்பதன் நயம் ஓடத்தொழில் அறிந்தார்க்கே நன்கு விளங்கும். ஆற்றோடத்தைக் கடத்துவோன் நெடுங்கோலைத் தரையில் ஊன்றி உந்துவன். பெருவெள்ளத்தில் கோலுக்குத் தரை எட்டாது. எட்டினும் நீரின் விசை ஓடத்தைப் பக்கல் ஈர்த்துச் செல்லும். அடியேன் சிறுவனாயிருந்த காலத்து எங்களூர் ஓடக்காரர், நீர் கலங்கிச் செந்நிறங் கொண்டதும் ஓடத்தை முளையில் கட்டிவிட்டு, யார் எவ்வளவு கூலி தருவதாக வேண்டினும் அசையார். அது கல்நெஞ்சமன்று, ஏறுவோர் உயிர்க்குத் தாம் பொறுப்பென்னும் உணர்ச்சி. கொள்ளம்பூதூர் ஓடக்காரரும் அன்னரே என்று கோடல் தகும். ஊன்றுகோல் தரை காணாதவிடத்தே திருவருளை ஊன்றியது பிள்ளையாரின் திருநா.

மற்றொன்றும் சிந்திக்கற்பாலது. பிள்ளையார் அவதரித்த சீகாழிக்குத் தோணிபுரம் என்பதும் ஒரு பெயர்; ஆண்டுள்ள இறைவர் தோணியப்பர். அவர் திருமகனார் துறையில் தனித்து ஏறினாரல்லர். அடியாரை முன்னேற்றிய பின்னரே தாம் நின்றார். வேண்டியதும் தம் பொருட்டன்று. இறைவனைச் சிந்தித்து வந்தோர் தொழவேண்டும் என்பதே.

இக்காலத்தே பாலங்கள் பெருகின; துறைகள் பல தூர்ந்தன. ஆயினும் திருக்கொள்ளம்பூதூரில் ஐப்பசித் திங்களில் ஓடத்திருவிழா நிகழ்கின்றது. அதனைக் கண்டு தொழும் அன்பர்கள், உடனிருப்போரை விட்டுத் தாம்மட்டும் கரையேற நினைத்தல் சைவமன்று என்பதனை உளங்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.