டானவன் பாடல் தொகுப்புகள்: உரிம எல்லைகளும் தேர்வு முறைகளும் (1966–2013)

ஆய்வுப் பொருள்

ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாடல்களைப் பல இசைத்தட்டுகளிலிருந்து எடுத்து ஒரே தட்டில் சேர்த்து விற்கும் முறை அமெரிக்க இசைத் தொழிலில் 1950களின் பிற்பகுதியில் நிலைபெற்றது. 1958இல் வெளிவந்த ஜானி மாத்திஸின் தொகுப்பு இவ்வகைக்கு முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அடுத்த பத்தாண்டுகளில் இம்முறை ஏறக்குறைய எல்லாப் பாடகர்களுக்கும் விரிந்தபோது, ஒரே பாடகருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடும் நிலை உருவானது. அவற்றுள் எதைத் தேர்வது என்பது வாங்குபவரின் சுவை சார்ந்த வினாவாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆனால், தொகுப்புகளின் உள்ளடக்கத்தை அவை வெளிவந்த கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு பாடல் இடம்பெறுவதையும் விடுபடுவதையும் அதன் தரமோ புகழோ மட்டும் முடிவு செய்யவில்லை என்பதும், அப்பாடலின் மூலநாடா எந்த நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதே பல வேளைகளில் முடிவு செய்தது என்பதும் புலனாகும். மூலநாடா என்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி, பின்னர் வரும் படிகள் அனைத்துக்கும் தாயாக அமையும் முதற்பதிவு.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு ஸ்காட்லாந்துப் பாடகர் டானவனின் தொகுப்பு வரலாறு பெரிதும் ஏற்றது. கிளாஸ்கோ நகரில் 1946 மே 10 அன்று பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்த டானவன் லீச், தனிக் கிதாரோடு பாடும் நாட்டுப்புறப் பாணியில் 1965இல் அறிமுகமாகி, ஓராண்டுக்குள் மின்கிதார், சிதார், நரம்பிசைக் குழு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு பாப் இசையின் முன்வரிசைக்கு வந்தவர். அவருடைய இசைப் பாணி மாறிய அதே வேளையில் அவருடைய ஒப்பந்தங்களும் மாறியதால், கலை வரலாறும் உரிம வரலாறும் ஒரே இடத்தில் பிளவுபடுகின்றன.

இரண்டு ஒப்பந்தங்களின் காலம்

டானவனின் முதற்கட்டப் பதிவுகள் பிரிட்டனில் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டவை. 1965 தொடக்கத்தில் ‘ரெடி ஸ்டெடி கோ’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய அவர், அவ்வாண்டிலேயே ‘கேட்ச் த விண்ட்’, ‘கலர்ஸ்’ ஆகிய இரு சிங்கிள்களால், அதாவது பக்கத்துக்கு ஒரு பாடலாக விற்கப்பட்ட சிறு தட்டுகளால், பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் இரு முறையும் நான்காம் இடத்தை எட்டினார். அதே ஆண்டில் இரண்டு எல்.பி. தட்டுகளும், அதாவது பல பாடல்கள் அடங்கிய நீள்தட்டுகளும், வந்தன. அமெரிக்காவில் இப்பதிவுகளை வெளியிடும் உரிமம் நாஷ்வில் நகரின் ஹிக்கரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது.

‘அனிமல்ஸ்’ குழுவின் பாடல்களைத் தயாரித்துப் பெயர் பெற்றிருந்த மிக்கி மோஸ்ட் 1965 இறுதியில் டானவனின் தயாரிப்பாளராக வந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 1965 டிசம்பரில் லண்டன் ஆபி ரோடு கூடத்தில் ‘சன்ஷைன் சூப்பர்மேன்’ பதிவானது. ஜான் கேமரூன் இசையமைப்பை ஒழுங்குபடுத்த, அப்போது கூலிக்கு வாசிக்கும் கூடக் கலைஞராக இருந்த ஜிம்மி பேஜ் கிதார் வாசித்தார். அமெரிக்க உரிமம் ஹிக்கரியிடமிருந்து சி.பி.எஸ். நிறுவனத்தின் எபிக் முத்திரைக்கு மாறியது. இந்த மாற்றத்தை ஒட்டி எழுந்த ஒப்பந்தத் தகராற்றால் பாடல் அரையாண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. 1966 ஜூலையில் அமெரிக்காவில் வெளிவந்து செப்டம்பரில் அந்நாட்டு வரிசையின் முதலிடத்தைப் பிடித்த அதே பாடல், பிரிட்டனில் டிசம்பரில்தான் கடைக்கு வந்து இரண்டாம் இடத்தை அடைந்தது.

தகராற்றின் விளைவு இத்தாமதத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் ‘சன்ஷைன் சூப்பர்மேன்’, ‘மெல்லோ யெல்லோ’ என இரு தனி எல்.பி.க்களாக வந்த பாடல்களிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி, முதல் தட்டின் பெயரிலேயே ஒரே எல்.பி.யாகப் பை நிறுவனம் 1967இல் பிரிட்டனில் வெளியிட்டது. பெயரளவில் புதிய படைப்பான அத்தட்டு, உள்ளடக்கத்தில் ஒரு தொகுப்பே ஆகும். 1968இன் ‘த ஹர்டி கர்டி மேன்’, 1969இன் ‘பாரபாஜகல்’ ஆகிய எல்.பி.க்கள் அக்காலத்தில் பிரிட்டனில் வெளிவரவே இல்லை. எனவே பிரிட்டிஷ் இரசிகருக்குத் தொகுப்புகள் நினைவுப் பொருளாக அல்லாமல், பல பாடல்களை எல்.பி. வடிவில் பெறும் வழியாகவே அமைந்தன.

பழைய உரிமதாரரின் தொகுப்புகள்

பாடகர் வேறு நிறுவனத்துக்குச் சென்று வெற்றி பெற்றதும், பழைய நிறுவனம் தன்னிடம் எஞ்சியுள்ள பதிவுகளைப் புதுப் பெயரில் விற்பது இத்தொழிலின் வழக்கம். ‘சன்ஷைன் சூப்பர்மேன்’ அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்த 1966இலேயே ஹிக்கரி ‘த ரியல் டானவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. நாட்டுப்புறப் பாடகராகிய டானவனே உண்மையானவர் என்று பெயரிலேயே சொல்லும் இத்தட்டில் புதிய வெற்றிப் பாடல் எதுவும் இடம்பெற இயலாது. 1968இல் மற்றொரு தொகுப்பையும் ஹிக்கரி கொண்டுவந்தது. பிரிட்டனில் பை நிறுவனம் தன் மலிவு விலை முத்திரையான மார்பிள் ஆர்ச்சின் வழியே 1967இல் ‘யுனிவர்சல் சோல்ஜர்’ தொகுப்பை விற்றது. அதன் தலைப்புப் பாடல் பஃபி செயின்ட்-மேரி எழுதியது. போர் எதிர்ப்புப் பாடகராக டானவன் அறியப்பட்ட 1965ஆம் ஆண்டின் பதிவு அது.

இத்தகைய தட்டுகளை வெறும் வணிகத் தந்திரமென ஒதுக்குவதும் பொருந்தாது. உடி கத்ரி, டெரல் ஆடம்ஸ், பெர்ட் ஜான்ஷ் ஆகியோரின் தாக்கத்தை வெளிப்படையாகக் காட்டும் தொடக்கக் காலப் பாடல்களை, பிற்காலப் பாப் பாடல்களின் இடையீடு இல்லாமல் தொடர்ச்சியாகக் கேட்கும் வாய்ப்பை அவை தந்தன. அவற்றின் குறுகிய எல்லையே அவற்றின் ஒருமைப்பாட்டுக்கும் காரணமாயிற்று.

1969ஆம் ஆண்டுத் தொகுப்பு

எபிக் முத்திரை 1969 ஜனவரியில் வெளியிட்ட ‘டானவன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ பதினொரு பாடல்களைக் கொண்டது. அமெரிக்க எல்.பி. வரிசையில் நான்காம் இடம் வரை உயர்ந்த அத்தட்டைவிட மேலான இடத்தை டானவனின் வேறெந்த எல்.பி.யும் அங்கு அடையவில்லை. ‘எபிசில் டு டிப்பி’, ‘தேர் இஸ் எ மவுண்டன்’, ‘லலேனா’ ஆகிய மூன்றும் அதுவரை சிங்கிள்களாக மட்டுமே கிடைத்த கூடப் பதிவுகள், அவை எல்.பி. தட்டில் சேர்ந்தது இங்குதான். சிங்கிளுக்காகச் சுருக்கப்பட்டிருந்த ‘சன்ஷைன் சூப்பர்மேன்’ நான்கரை நிமிட முழு நீளத்தில், இடம் வலம் எனப் பிரித்தொலிக்கும் ஸ்டீரியோ வடிவில் இத்தட்டில் இடம்பெற்றது. அதற்கு முன் அப்பாடல் மோனோவாக, அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், அறியப்பட்டிருந்தது. அமெரிக்காவில் சிங்கிளாக வெற்றி பெறாத ‘சீசன் ஆஃப் த விட்ச்’ பாடலும் சேர்க்கப்பட்டமையால், தொகுப்பாளர் விற்பனை வரிசையை மட்டுமே அளவாகக் கொள்ளவில்லை என்பது தெரிகிறது.

உரிமத்தின் அழுத்தம் ‘கேட்ச் த விண்ட்’, ‘கலர்ஸ்’ ஆகிய இரு பாடல்களில் வெளிப்படுகிறது. அவற்றின் அமெரிக்க உரிமம் ஹிக்கரியிடம் இருந்ததால் எபிக் அவற்றின் மூலப்பதிவைப் பயன்படுத்த இயலவில்லை. அவையின்றித் தொகுப்பு முழுமை பெறவும் வழியில்லை. எனவே 1968இல் மிக்கி மோஸ்ட்டின் மேற்பார்வையில் டானவன் அவ்விரு பாடல்களையும் மீண்டும் பாடிப் பதிவு செய்தார். இதனால் ‘கேட்ச் த விண்ட்’ பாடலுக்கு மூன்று வடிவங்கள் உண்டாயின: நரம்பிசைக் குழுவின் பின்னணியோடு வந்த 1965 சிங்கிள் வடிவம், அக்குழுவை நீக்கி ஹார்மோனிகாவை முன்வைத்த அதே ஆண்டின் எல்.பி. வடிவம், முழுக் குழுவோடு தணிந்த நடையில் நீண்டு செல்லும் 1968ஆம் ஆண்டின் மறுபதிவு. கிடைக்கும் தொகுப்புகளை ஒப்பிடுபவர் பாடற்பட்டியலை மட்டும் பார்த்து இம்மூன்றையும் வேறுபடுத்த இயலாது. தலைப்பு மூன்றுக்கும் ஒன்றே.

வெளியீட்டுக் காலமும் தொகுப்பின் வடிவத்தை முடிவு செய்தது. அமெரிக்காவில் ஏழாம் இடத்தை எட்டிய ‘அட்லாண்டிஸ்’, ஜெஃப் பெக் குழுவோடு பதிவான ‘பாரபாஜகல்’ ஆகியவை இத்தட்டுக்குப் பின்னரே அந்நாட்டில் வெளிவந்தன. ஆகவே டானவனின் உச்சக் கட்டத்தை முழுமையாகக் காட்டும் தட்டாக நெடுங்காலம் கருதப்பட்ட தொகுப்பில் அக்கட்டத்தின் இறுதியாண்டு இல்லை. அதே போல், 1967 இறுதியில் பெட்டியில் வைத்து இரட்டைத் தட்டாக வெளியிடப்பட்ட ‘எ கிஃப்ட் ஃப்ரம் எ ஃப்ளவர் டு எ கார்டன்’ படைப்பிலிருந்து ‘வேர் யுவர் லவ் லைக் ஹெவன்’ ஒன்றே எடுக்கப்பட்டது. அதன் இரண்டாம் தட்டில் குழந்தைகளுக்கென அமைந்த எளிய கிதார்ப் பாடல்கள் முற்றிலும் விடுபட்டன.

குறுந்தட்டுக் காலமும் எல்லைத் தளர்வும்

குறுந்தட்டு எனப்படும் சி.டி. எழுபது நிமிடங்களுக்கு மேல் ஒலியைத் தாங்கியதாலும், பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்வது தனி வணிகமாக வளர்ந்ததாலும், நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று உரிமம் பெறுவது 1990களில் இயல்பானது. சி.பி.எஸ். இசைப்பிரிவு 1988இல் சோனியின் கைக்கு வந்த பின், அதன் லெகசி பிரிவு 1992இல் வெளியிட்ட ‘ட்ரூபடோர்’ தொகுப்பு, 1964 முதல் 1976 வரையிலான 44 பதிவுகளை இரண்டு குறுந்தட்டுகளில் அடக்கியது. ஹிக்கரிக் காலமும் எபிக் காலமும் ஒரே பெட்டியில் மூலப்பதிவுகளோடு அடுத்தடுத்து வைக்கப்பட்டதால், நாட்டுப்புறப் பாடகர் பாப் பாடகராக மாறியதைப் படிப்படியாகக் கேட்டறிய முடிந்தது. 2005இல் மூன்று குறுந்தட்டுகளும் ஒரு டி.வி.டி.யும் கொண்ட ‘ட்ரை ஃபார் த சன்’ இம்முயற்சியை மேலும் விரித்தது.

1969ஆம் ஆண்டுத் தொகுப்பும் 1999இல் திருத்தி மறுவெளியீடு செய்யப்பட்டது. அதில் மறுபதிவுகள் நீக்கப்பட்டு 1965ஆம் ஆண்டு மூலப்பதிவுகள் அவ்விடத்தைப் பெற்றன. ‘அட்லாண்டிஸ்’, ‘பாரபாஜகல்’ உள்ளிட்ட நான்கு பாடல்கள் கூடுதலாகச் சேர்ந்தன. பிரிட்டனில், பை பதிவுகள் ஒரு வழியாகவும் மிக்கி மோஸ்ட் தயாரித்த பதிவுகள் ஈ.எம்.ஐ. வழியாகவும் தொடர்ந்து வெளிவந்ததால் பழைய பிளவு அங்கு நீடித்தது. 2000இல் வந்த ‘சம்மர் டே ரிஃப்ளெக்‌ஷன் சாங்ஸ்’ தொடக்கக் காலத்துக்கும், 2013இல் நான்கு குறுந்தட்டுகளாக வந்த ‘ப்ரீசஸ் ஆஃப் பட்சூலி’ 1966 முதல் 1969 வரையிலான கூடப் பதிவுகளுக்கும் உரியவை. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு முழு வரலாறு கிடைக்கும்.

தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, தொகுப்பு எந்த உரிம எல்லைக்குள் நிற்கிறது என்பது. ஹிக்கரி, பை பதிவுகளை மட்டும் கொண்ட தட்டு நாட்டுப்புறப் பாடகரையும், எபிக் பதிவுகளை மட்டும் கொண்டது பாப் பாடகரையும் காட்டும். இரண்டையும் இணைக்கும் தட்டே மாற்றத்தைக் காட்டும். இரண்டாவது, ஒவ்வொரு பாடலின் எவ்வடிவம் உள்ளது என்பது. இதைத் தலைப்பைக் கொண்டு அறிய இயலாதாகையால், பாடலின் நீளம், பதிவாண்டு, தயாரிப்பாளர் பெயர் ஆகிய குறிப்புகளை நாட வேண்டும். ‘சன்ஷைன் சூப்பர்மேன்’ மூன்றேகால் நிமிட அளவில் நின்றால் அது சிங்கிள் வடிவம். ‘கேட்ச் த விண்ட்’ பாடலுக்குத் தயாரிப்பாளராக மிக்கி மோஸ்ட் குறிக்கப்பட்டிருந்தால் அது மறுபதிவு. மூன்றாவது, தொகுப்பு எந்த ஆண்டோடு நின்றது என்பது. அதன் பின்னர் வந்த வெற்றிகள் விடுபட்டதற்குத் தரம் காரணமன்று.

இவ்வளவுகோல்களின்படி, முதன்முறை கேட்பவருக்கு 1999ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பும், டானவனின் வளர்ச்சியைப் பயில விரும்புபவருக்கு 1992ஆம் ஆண்டுத் தொகுப்பும், தொடக்கக் காலத்தை மட்டும் நாடுபவருக்கு 2000ஆம் ஆண்டுத் தொகுப்பும் பொருந்தும். எனினும் திருத்தப்பட்ட பதிப்பு முந்தையதை முற்றிலும் பயனற்றதாக்கிவிடவில்லை. 1969 முதல் முப்பதாண்டுகள் எபிக் தட்டின் வழியே டானவனை அறிந்த அமெரிக்கக் கேட்பவர்கள் அதில் கேட்ட ‘கேட்ச் த விண்ட்’ 1968ஆம் ஆண்டின் மறுபதிவுதான். உரிமச் சிக்கலைச் சமாளிக்க உருவான அப்பதிவு அவர்களுடைய கேட்பு வரலாற்றின் பகுதியாகிவிட்டது. மூலப்பதிவை மீட்ட 1999ஆம் ஆண்டுப் பதிப்பு பாடல் பிறந்த வரலாற்றுக்கு நெருங்கி வந்தது. அதே செயலால் பாடல் பரவிய வரலாற்றிலிருந்து விலகியது. ஆகவே டானவன் உருவாக்கியவற்றை ஆராய்பவர் திருத்தப் பதிப்பையும், 1969இல் அமெரிக்கா எதைக் கேட்டது என்று ஆராய்பவர் திருத்தப்படாத பழைய தட்டையும் சான்றாகக் கொள்வதே முறையாகும்.