நாட்றம்பள்ளி மெயிலைச் சுமப்பது யார்?

வாணியம்பாடி தாண்டி கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் நாட்றம்பள்ளி. அங்கே ஒரு தோல் வியாபாரி, இத்தாலியின் அர்சிஞ்ஞானோவில் இருக்கும் பயருக்கு (வாங்குபவருக்கு) சதுர அடி விலை எழுதி மெயில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சென்ட்' அழுத்தியதும் ஒரு மென்பொருள் அதைக் கையேற்கிறது. அந்த வகை மென்பொருளின் கதையை 1979-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கலாம்.

அங்கே இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டோடு இணைந்திருந்தது இங்க்ரெஸ் ஆய்வுக்குழுவின் கணினி. மெயில் அனுப்ப மற்றவர்களும் அதில் கணக்குக் கேட்டார்கள். அக்குழுவில் வேலை செய்த எரிக் ஆல்மன் கணக்குக் கொடுக்கவில்லை. ஒரு வலையின் மெயிலை இன்னொரு வலைக்குக் கைமாற்றும் 'டெலிவர்மெயில்' நிரலை எழுதிக் கொடுத்தார். 1983-இல் அது 'சென்ட்மெயில்' ஆனது. முகவரியை எந்த முறையில் எழுதினாலும் பிரித்துப் படித்து வழி கண்டுபிடிக்கும் கெட்டிக்கார நிரல். ஆனால் ஒரே பெரிய உருப்படி, கையில் முழு அதிகாரம். 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற தீநிரல் பரவியபோது, சென்ட்மெயிலில் திறந்து கிடந்த 'டீபக்' (பிழை தேடும்) வசதியும் அதற்கு ஒரு வாசலாயிற்று.

1995 ஆகஸ்ட் 15 முதல், அன்று அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். சென்னை உட்பட நான்கு நகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல், சென்ட்மெயிலின் வேலையைச் செய்யும் 'எக்ஸிம்' நிரலை எழுதினார். 1998 டிசம்பரில் ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்து அதே வேலைக்கான வீட்சே வெனெமாவின் 'போஸ்ட்ஃபிக்ஸ்' வந்தது.

எனக்குப் பிடித்தது போஸ்ட்ஃபிக்ஸ். வாங்க ஒரு நிரல், சரிபார்க்க ஒன்று, வரிசையில் வைக்க ஒன்று, அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தன் வேலைக்கு வேண்டிய அதிகாரம் மட்டும். எதிர்முனை சர்வர் '250' என்று சொன்ன பிறகே, மெயில் போய்ச் சேர்ந்ததாகக் கருதி வரிசையிலிருந்து நீக்கும். '4' என்று தொடங்கும் பதில் வந்தால் 'பிறகு வா' என்று பொருள். ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். '5' என்று தொடங்கினால் உடனே பவுன்ஸ், அதாவது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அத்தனையும் லாக்கில் பதிவாகும். 'உங்கள் மெயில் வரவில்லை' என்று பயர் சொல்லும்போது காட்ட, லாக்கில் இருக்கும் அந்த '250' வரி போதும்.

ஆனால் சிறிய டேனரிகள் பலவற்றில் எந்த மென்பொருள் என்ற தேர்வை முதலாளி செய்வதில்லை. ஹோஸ்டிங் விற்றவர் செய்கிறார். மலிவான சிபேனல் ஹோஸ்டிங் என்றால் உள்ளே ஓடுவது எக்ஸிம். அதில் குறையில்லை. குறை, ஒரே ஐ.பி. முகவரியை முன்பின் தெரியாத பலரோடு பங்குபோடுவதில். அவர்களில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் போதும், உங்கள் கொட்டேஷனும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம். லாக் பார்க்க ஆள் இருந்தால் தனி ஐ.பி.யில் போஸ்ட்ஃபிக்ஸ் வையுங்கள். ஆள் இல்லையென்றால் சோஹோ போன்ற சேவைக்கு மாதக் கட்டணம் கட்டுவதே நல்லது.

எதை எடுத்தாலும், மெயில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவும் பதிவுகளை டொமைனில் போடுங்கள்: எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் ஆகிய மூன்றையும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது. 'பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று உங்கள் டொமைன் பெயரிலேயே பயருக்குப் போகும் போலி மெயிலைத் தடுக்க உதவுவது, 'நிராகரி' என்று அமைத்த டிமார்க். ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புது டொமைன் வாங்கி அனுப்புகிறவனை இவை மூன்றும் தடுக்காது. கணக்கு எண் மாறியதாக எந்த மெயில் வந்தாலும் போனில் கேட்காமல் பணம் போட வேண்டாம் என்று பயரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.