நாடி கிடைக்காத கை

வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு பி.பி. பார்க்கப் போனேன். இடது கையில் ஒன்றும் கேட்கவில்லை. நாடியும் தட்டுப்படவில்லை. அவனோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பையனின் சட்டையை விலக்கி, விலாவோரத் தழும்பைக் காட்டினார். "பி.டி. ஷண்ட் செஞ்ச பிள்ளைம்மா. அந்தக் கைக்குப் போற ரத்தக்குழாயைத்தான் நுரையீரலுக்குத் திருப்பி விட்டிருக்காங்க. வலது கையில பாரு."

பி என்றால் பிளாலாக், டி என்றால் டாசிக். இன்னொரு 'டி'யும் உண்டு என்பது ஓய்வு பெற்று, உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஹெலன் டாசிக், அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை இதய மருத்துவர். காது சரியாகக் கேட்காததால், குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தை அறிந்தவர். பிறவியிலேயே நுரையீரலுக்குப் போகும் வழி குறுகிப்போய், உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகள் அவரிடம் வருவார்கள். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சிறு குழாய் திறந்தே இருக்கும்வரை இவர்கள் சமாளிக்கிறார்கள், அது மூடினால் மோசமாகிறார்கள் என்று கவனித்தார். அப்படியானால் செயற்கையாக ஒரு குழாய்வழி அமைக்க முடியாதா? இந்தக் கேள்வியை அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கிடம் கொண்டுபோனார்.

அதற்கு வழி கண்டவர் பிளாலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் பொருளாதார மந்தத்தில் வங்கியோடு போய்விட்டது. முன்பு வாண்டர்பில்ட்டில் இருந்தபோது, சம்பளக் கணக்கில் அவர் துப்புரவுத் தொழிலாளி! நாய்களின் மீது இந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர் அவரே. பிளாலாக் செய்தது ஒரே முறை, அதுவும் தாமஸ் உடனிருக்க.

1944 நவம்பர் 29. குழந்தை ஐலீன் சாக்சன், வயது 15 மாதம், எடை நாலரை கிலோகூட இல்லை. பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தாமஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் சில மாதங்களில் மறுபடி நீலமாகி, இரண்டாவது அறுவைக்குப் பின் இறந்துபோனது. மூன்றாவதாக வந்த ஆறு வயதுப் பையன்தான் மேஜையிலேயே உதடு சிவந்தவன்.

1945இல் வெளிவந்த கட்டுரையில் இரண்டு பெயர்கள்தான். தாமஸுக்கு 1976இல் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் சட்டத்துக்கான பட்டம்.

இப்போது கையின் குழாயை வெட்டாமல் செயற்கைக் குழாய் வைத்து இணைக்கிறார்கள். புதிதாக வரும் நர்ஸ் பெண்கள் என்னைப் போல நாடி தேடிப் பதற வேண்டியதில்லை. பெயரையும் பலர் பி.டி.டி. ஷண்ட் என்றே எழுதுகிறார்கள்.