ஏறிய தீவு, இறங்கிய தீவு

ஆய்வுக்கான செயற்கைக்கோள் படத்தில் காடு பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பியனுப்புகிறது; படத்தில் அந்த ஒளிக்குச் சிவப்பு கொடுப்பது வழக்கம். தண்ணீர் அதே ஒளியை விழுங்கிவிடுவதால் கறுத்துக் கிடக்கும். 2004 டிசம்பர் 26க்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் பெரிய நிகோபாரின் தென்முனையைப் பார்த்தால், கரையோரச் சிவப்பைக் கறுப்பு தின்றிருக்கிறது. அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் நேர்மாறு. கடலாக இருந்த இடத்தில் தீவைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம்.

இரண்டும் அன்று சுனாமியை எழுப்பிய ஒரே நிலநடுக்கத்தின் வேலை. இந்தியப் புவித்தட்டு மற்றொரு தட்டின் அடியில் நுழையும் இடத்தில், மேலிருந்த தட்டின் மேற்கு விளிம்பு துள்ளி எழுந்தது. அதன் முதுகுப்புறம் தாழ்ந்தது. சென்டினல் விளிம்பை ஒட்டியது, அதனால் 1 முதல் 2 மீட்டர் உயர்ந்தது. அதற்குக் கிழக்கே அதிகத் தொலைவில்லாத போர்ட் பிளேரோ ஏறக்குறைய 1 மீட்டர் இறங்கிவிட்டது. பெரிய நிகோபாரின் இந்திரா முனையில் இறக்கம் சுமார் 4.25 மீட்டர்.

ஆகவே, இந்தத் தீவுகளில் சுனாமிச் சேதம் என்று நாம் கணக்கெழுதுவதில் ஒரு பங்கு அலையுடையதே அல்ல. அலை வந்த வழியே திரும்பிவிடும். நிலம் தாழ்ந்த இடத்தில் ஏறிய தண்ணீர் திரும்பாது. ஓதம் இறங்கும் நேரத்தில் மூச்சுவேரால் காற்று வாங்கும் அலையாத்தி மரம், இறங்காத நீரில் மூச்சுமுட்டிச் செத்தது. சென்டினலின் பவளம் தண்ணீர் விலகி வெயிலில் வெந்து செத்தது.

ஆனால் படத்தை அப்படியே நம்பிவிட முடியாது. ஓதம் வற்றிய வேளையில் எடுத்தால் எந்தப் பவளத்திட்டும் கரையேறியதுபோலத்தான் தெரியும். 2006இல் ஆரன் மெல்ட்ஸ்னரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலையே கருவியாக்கிக்கொண்டது. ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்துக்குரிய ஓத உயரத்தைக் கணக்கிட்டார்கள். முன்பு தாழ்ந்த ஓதத்திலும் மூழ்கியிருந்த திட்டு, பின்பு அதைவிட உயர்ந்த ஓதத்திலும் வெளியே நின்றால் நிலம் எழுந்திருக்கிறது. இரண்டு ஓதங்களுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தபட்ச உயர்வு. இறங்கிய தீவுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். ஆனால் 4 மீட்டர் இறங்கிய கரையில், ஒப்பிட எடுத்துக்கொள்ளும் திட்டே எந்த ஓதத்திலும் தலைகாட்டாமல் போகலாம். கலங்கிய நீருக்கடியில் கிடக்கும் பவளம் செத்ததா பிழைத்ததா என்றும் மேலிருந்து சொல்வது கடினம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் தெளிவாகப் பேசும் சென்டினலில் வெளியார் காலடி வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. போய்ச் சரிபார்க்க வழியில்லை. படம் திணறும் இந்திரா முனையிலோ, கலங்கரை விளக்கம் கடலுக்குள் நட்ட அளவுகோலாகவே நின்றது.

பின்னாளில் நிகோபாரின் மூழ்கிய கரைகளில் அலையாத்திக் கன்றுகள் தாமாகவே முளைத்தன. படத்தில் மீண்டும் சிவப்பு. ஆனால் அந்தக் கரையில் வாழ்ந்த உயிர்கள் திரும்பினவா என்று அந்தச் சிவப்பு சொல்லாது. நம் இந்தியச் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமராவுக்கு ஒரு படப்புள்ளி 23.5 மீட்டர். கரையோரக் காட்டில் மண்ணைக் குவித்து அதற்குள் முட்டையிடும் மெகபோடு பறவையின் மேடு, அந்த ஒரு புள்ளிக்குள்ளேயே காணாமல் போய்விடும்.