மஞ்சள் ஒயர், சிவப்பு ஒயர்

பழைய காருக்குப் புது ஸ்டீரியோ வந்த கதையை வால்வு ரேடியோ, கேசட், சி.டி., புளூடூத் என்று பெட்டிகளின் வம்சாவளியாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதை மாட்டிவிடலாம். அதன் முதுகில் தொங்கும் ஒயரைக் காரின் ஒயரோடு எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் தொழில் இருந்தது. அந்தச் சேர்ப்பு அவர் கையைவிட்டுப் போனதுதான் இத்தொழிலின் சரித்திரம். காஞ்சிபுரம் வட்டாரம் அதன் இரண்டு கோடிகளையும் பார்த்திருக்கிறது: கோயிலுக்கும் கல்யாணப் பட்டுக்கும் ஆளேற்றி வந்த அம்பாசிடர்களையும், 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சாலைக்கு வந்த சான்ட்ரோவையும்.

அம்பாசிடரின் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1950-களின் மோரிஸில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். பின்னால் வந்த டிரான்சிஸ்டர் செட்டுகளோ தங்கள் தகர உடம்பையே நெகட்டிவாக வைத்துக்கொண்டவை. அப்படியொரு காரில் இப்படியொரு செட்டைத் திருகினால் பாட்டுக்குப் பதில் புகைதான் வரும். ஆகவே முதல் வேலை பேட்டரியைத் திருப்பிப் போடுவது. ஆம்மீட்டர் ஒயர்களையும் காயில் ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவின் ஃபீல்டு முனையைப் பேட்டரி ஒயரால் ஒரு நொடி தொட்டு, அதற்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். பாட்டுப் பெட்டி ஒன்றுக்காகக் காரின் மின்சாரத்தையே புரட்டிப் போடுகிற வேலை! டைனமோவும் பெரிய கொடையாளி அல்ல. அக்காலத்து லூகாஸ் சி40 தந்தது 22 ஆம்பியர், அதாவது சுமார் 300 வாட். ஹெட்லைட் எரிந்து, மழையில் வைப்பரும் ஆடினால் ஆம்ப்ளிஃபயருக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஸ்பீக்கர் விஷயம் இன்னும் நுட்பம். பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குத் தனி ஒயர் ஒன்றுதான். மறுமுனை பாடி எர்த். இன்றைய செட்டில் இரண்டு ஒயரிலுமே கரன்ட் உண்டு. ஒன்று பாடியில் உரசினாலும் உள்ளேயிருக்கும் ஐ.சி. போய்விடலாம். அடுத்த பொறி மஞ்சளும் சிவப்பும். மஞ்சள் எந்நேரமும் பேட்டரியில் இருந்தால்தான் செட்டுக்கு நேரமும் ஸ்டேஷனும் ஞாபகமிருக்கும்; சிவப்புக்குச் சாவி திருப்பியபோதுதான் கரன்ட் வர வேண்டும். இரண்டையும் முறுக்கிப் பேட்டரியில் கட்டிவிட்டு, செட்டை அணைக்கவும் மறந்தால், விடிந்ததும் வண்டியைத் தள்ள நாலு பேரைத் தேட வேண்டும். காஞ்சிபுரத் தறிக்காரருக்கு இந்தக் கவனம் புரியும். பாவு தீர்ந்தால் அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளை உருவிவிடுவதில்லை. அவற்றின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில், விரலால் முறுக்கிப் பிணைத்து இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு இழை மாறினாலும் பாவு சிக்கும்.

ஒட்டுப்போட்ட வேலைக்கு இத்தனை மரியாதையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தறியின் பிணைப்பு அச்சைத் தாண்டியதோடு அதன் வேலை முடிந்தது. காரின் முறுக்கு அப்படியல்ல. டேஷ்போர்டுக்கு அடியில் வெயிலிலும் அதிர்விலும் வருஷக்கணக்கில் கிடக்கிறது. டேப்பின் பசை இளகி அவிழும். மோரிஸ் காலத்து ஒயரிங்கில் ஃப்யூஸ்களும் சொற்பம். செட்டுக்குத் தனி ஃப்யூஸ் போடாமல் விட்டால் தீப்பிடிக்க ஓர் உரசல் போதும். அப்படி விட்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஃப்யூஸ் போட்டவர் யார் சொல்லிப் போட்டார்? காரோடு வந்த புத்தகத்திலும் செட்டோடு வந்த தாளிலும், இந்தக் காருக்கு இந்தச் செட் என்று ஒரு வரி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது.

கம்பெனியே செட் வைத்துக் கொடுத்ததால்தான் தொழில் படுத்தது என்பது இன்னொரு வாதம். கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டியவர்களுக்குக் குறைவே இல்லையே! மாறியது சேர்ப்பிடம். டேஷ்போர்டில் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு வாய் என்பது ஜெர்மன் அளவாகத் தொடங்கி உலக வழக்கானது. பிறகு கரன்டுக்கு எட்டு முள், ஸ்பீக்கருக்கு எட்டு முள் என்று ஐ.எஸ்.ஓ. கப்ளர் வந்தது. கார்க் கம்பெனி தன் சொந்தக் கப்ளரை வைத்தாலும் நடுவே ஒரு அடாப்டர் போதும்; வெட்டவும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். எந்த ஒயர் எது என்ற முடிவு ஆலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. இன்றைய கார்கள் பலவற்றில் செட் ஸ்டீயரிங் பொத்தானோடும் ரிவர்ஸ் கேமராவோடும் பேசுகிறது. அதைப் பிடுங்கினால் அந்தப் பேச்சும் அறுந்துபோகும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. மிச்சமிருக்கும் வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பவருக்கு, முன்பு இருந்த செட்டுகளின் வெட்டிய நுனிகள் டேப்புக்குள்ளே கண்ணில் படலாம். நிறம் வெளுத்துப் போயிருக்கும். எதில் கரன்ட் வருகிறது என்று தெரிய, டெஸ்ட் பல்பைத்தான் எடுக்க வேண்டும்.